தன் உடம்பில் தானே மருந்துச் சோதனை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மன்னார்குடிப் பக்கம் நெடுங்காலம் மருந்தாளுநராக இருந்தவன் என்பதால், ஏதாவது ஒரு பொருளைத் தங்கள் உடம்பிலேயே சோதித்துப் பார்க்க நினைப்பவர்கள் என்னிடம் வந்து கேட்பது வழக்கமாகிவிட்டது. கேட்பவர் விவசாயியாக இருந்தாலும், கல்லூரி மாணவராக இருந்தாலும், பரம்பரை வைத்தியராக இருந்தாலும் ஐயங்கள் ஏறக்குறைய ஒன்றேதான். அவர்கள் கேட்ட வாக்கிலேயே கேள்விகளைத் தந்து பதில் எழுதியிருக்கிறேன். இது பொதுவான விளக்கம் மட்டுமே. வழக்கு என்று வந்துவிட்டால் வழக்கறிஞரிடமும், உடம்புக்கு என்று வந்துவிட்டால் மருத்துவரிடமும்தான் போக வேண்டும்.

தினமும் காலையில் ஆவாரம்பூக் கஷாயம் குடிக்கிறேன். இதையும் சோதனை என்று சொல்வீர்களா?

சொல்ல மாட்டேன். கஷாயம் குடித்தால் சர்க்கரை குறையும் என்று நம்பிக் குடிப்பது சுயவைத்தியம். குறைகிறதா இல்லையா என்று அறிந்துகொள்வதற்காகக் குடித்து, முன்னும் பின்னும் அளந்து, எழுதி வைத்தால் அது சோதனை. விடை தெரியாத ஒரு கேள்வியும், அதற்காக வேண்டுமென்றே செய்த ஒரு மாற்றமும், ஒரு பதிவும் இருந்தால் சோதனை என்று வைத்துக்கொள்ளலாம்.

சட்டம் பெரும்பாலும் இந்த வேறுபாட்டைப் பார்ப்பதில்லை. என்ன பொருள், யார் கொடுத்தது, யார் உடம்பில் என்ற மூன்றைத்தான் அது பார்க்கிறது.

என் உடம்பு, என் இஷ்டம். நான் எதையாவது குடித்துப் பார்த்தால் போலீசுக்கு என்ன வேலை?

வயதுவந்த ஒருவர் தன் உடம்பில் தானே ஒரு மருந்தைச் சோதித்துப் பார்ப்பதை மட்டும் தனிக் குற்றமாக்கும் சட்டம் இந்தியாவில் இல்லை. தெளிந்த மனநிலையில் உள்ள வயதுவந்தவர் சிகிச்சையை மறுக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் கருணைக் கொலை தொடர்பான வழக்கில் தெளிவாகவே கூறியிருக்கிறது. ஆனால் வேண்டாம் என்று சொல்லும் உரிமையும், எதை வேண்டுமானாலும் வாங்கி உட்கொள்ளும் உரிமையும் ஒன்றல்ல. கஞ்சா, அபின் போன்றவற்றை ‘மருந்தாகத்தான் சோதித்தேன்’ என்று சொல்லி உட்கொண்டாலும், 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டப்படி உட்கொள்வதே குற்றம்.

விபரீதமாகி மருத்துவமனைக்குப் போக நேர்ந்தால், நஞ்சு உட்கொண்டவர் என்ற வகையில் அங்கிருந்து காவல் நிலையத்துக்குத் தகவல் போகும். இதற்குப் பயந்து என்ன குடித்தோம் என்பதை மறைக்கிறவர்கள் உண்டு, மறைக்கக் கூடாது. தற்கொலை முயற்சிக்குத் தண்டனை என்றிருந்த, பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 309-ஆம் பிரிவு, அதற்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் அந்த வடிவில் இல்லை. உங்கள் சோதனை தற்கொலை முயற்சியும் அன்று. டூட்டி டாக்டரிடம் பொருளின் பெயரையும் அளவையும் நேரத்தையும் மறைக்காமல் சொன்னால்தான் சரியான மாற்று மருந்து கிடைக்கும்.

என் அனுபவத்தில், சட்டம் உள்ளே நுழைவது இரண்டாவது ஆள் ஒருவர் உள்ளே வரும்போதுதான். விற்பவர், கொடுப்பவர், சேர்ந்து குடிப்பவர், கேட்டு நம்புகிறவர் என்று அந்த இரண்டாவது ஆள் பல வேடங்களில் வருவார். இனி வரும் கேள்விகளில் பெரும்பாலானவை அவரைப் பற்றியவைதான்.

சீட்டு இல்லாமலே கடையில் மாத்திரை கொடுக்கிறார்களே, தப்பு வாங்கியவன் மேலா, கொடுத்தவர் மேலா?

கொடுத்தவர் மேல். 1945-ஆம் ஆண்டின் மருந்து விதிகளில் எச் அட்டவணையில் உள்ளவற்றைப் பதிவுபெற்ற மருத்துவரின் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. எச்1 அட்டவணையில் உள்ள வீரியமான ஆன்டிபயாட்டிக் போன்றவற்றுக்கு, எழுதிய மருத்துவர், நோயாளி, மருந்து, அளவு ஆகிய விவரங்களைத் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். பிடிபட்டால் உரிமம் போவது கடைக்காரருக்கு. ‘எனக்காகத்தானே கேட்கிறேன், ஒரு அட்டை கொடுங்கண்ணே’ என்று வற்புறுத்துகிறவர்கள் இதை நினைத்துப் பார்ப்பதில்லை.

பெரிய பெரிய விஞ்ஞானிகளே தங்கள் மேல் சோதித்து நோபல் பரிசு வாங்கியிருக்கிறார்களே, நாங்கள் செய்தால் மட்டும் தப்பா?

வாங்கியிருக்கிறார்கள். ஆனால் அந்தக் கதைகளை முழுவதும் கேட்க வேண்டும். ஆஸ்திரேலிய மருத்துவர் பாரி மார்ஷல் 1984-இல் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமியைக் கரைசலாகக் குடித்தார். குடிப்பதற்கு முன்பே எண்டோஸ்கோப்பி செய்து, தன் வயிற்றில் அந்தக் கிருமி இல்லை என்று உறுதி செய்துகொண்டார். சில நாள்களில் குமட்டலும் வாந்தியும் வாய் நாற்றமும் வந்தன. மறுபடி எண்டோஸ்கோப்பி செய்தபோது இரைப்பை அழற்சியும் கிருமியும் தெரிந்தன. அவருக்குக் குடற்புண் வரவில்லை என்பதையும், குடற்புண்ணுக்கு இந்தக் கிருமி காரணம் என்று நிறுவப் பல ஆண்டுகள் மற்றவர்களின் ஆய்வுகளும் தேவைப்பட்டன என்பதையும் கதை சொல்பவர்கள் விட்டுவிடுகிறார்கள். அவருக்கும், உடன் ஆய்வு செய்த ராபின் வாரனுக்கும் நோபல் பரிசு கிடைத்தது 2005-இல். இன்னொன்றும் உண்டு: மார்ஷல் தன் மனைவியிடம் முன்கூட்டிச் சொல்லவில்லை, தெரிந்தபின், தொற்று வீட்டில் பிள்ளைகளுக்கும் பரவிவிடுமே என்று அந்த அம்மாள் அஞ்சினார். மேலே சொன்ன இரண்டாவது ஆள் அங்கேயும் இருந்தார்.

ஜெர்மானிய மருத்துவர் வெர்னர் ஃபோர்ஸ்மான் 1929-இல் தன் கை ரத்தக்குழாய் வழியே ஒரு மெல்லிய குழாயை இதயம் வரை செலுத்தி, அப்படியே எக்ஸ்ரே அறைக்கு நடந்துபோய்ப் படம் எடுத்துக்கொண்டார். 1956-இல் நோபல் பரிசு. மேலதிகாரி கூடாது என்று தடுத்திருந்தார். கருவிகளை எடுத்துத் தரவேண்டிய செவிலியரிடம், அவருக்கே செய்வதாக நம்பவைத்து, அவரை மேசையில் கட்டிவிட்டுத்தான் தன் கையில் செய்துகொண்டார். துணிச்சலைப் பாராட்டலாம், அந்தச் செவிலியருக்குச் செய்ததை என்னால் பாராட்ட முடியவில்லை.

இனி, பரிசு வாங்காத கதை. ஜெர்மனியின் மியூனிக் நகர மருத்துவ அறிஞர் பெட்டன்கோஃபர், காலராவுக்குக் கிருமி மட்டுமே காரணம் என்பதை ஏற்காதவர். 1892-இல், வயிற்று அமிலத்தை மட்டுப்படுத்திவிட்டு, காலராக் கிருமிக் கரைசலைக் குடித்தார். லேசான வயிற்றுப்போக்கோடு தப்பித்து, தன் கொள்கையே வென்றதென்று முடிவு செய்தார். உயிர் பிழைத்தார், ஆனால் முடிவு தவறு. ஒரே உடம்பில் ஒரே முறை செய்யும் சோதனை பொய் சொல்லக்கூடும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது. பெரு நாட்டு மருத்துவ மாணவர் டேனியல் கேரியோன் 1885-இல் நோயாளியின் தோல் கட்டியிலிருந்து எடுத்ததைத் தன்னுள் செலுத்திக்கொண்டு இறந்தே போனார். தோல் கட்டியும் கொடிய காய்ச்சலும் ஒரே நோயின் இரு முகங்கள் என்று அதனால் தெரிந்தது. அதை அறிவிக்க அவர் இல்லை.

டாக்டர் தன் மேல் செய்துகொண்டால் மட்டும் செல்லும் என்று நியூரம்பெர்க் விதியில் இருக்கிறதாமே?

ஏறக்குறைய அப்படித்தான் இருக்கிறது. நாஜி மருத்துவர்கள் மீதான வழக்கின் தீர்ப்போடு 1947-இல் வந்த பத்து விதிகளில் ஐந்தாவது, மரணமோ ஊனமோ நேரும் என்று முன்கூட்டியே நம்பக் காரணமுள்ள சோதனையைச் செய்யக் கூடாது என்கிறது. சோதனை செய்யும் மருத்துவர்களும் சோதனைக்கு உள்ளாகும்போது ‘ஒருவேளை’ விலக்கு இருக்கலாம் என்று தயங்கியபடியே சேர்க்கிறது. அந்த ‘ஒருவேளை’யை உரிமைச் சீட்டாக எடுத்துக்கொள்ள முடியாது. மனிதர்கள் மேல் செய்யும் மருத்துவ ஆய்வுக்கான நெறிகளாக 1964-இல் வந்த ஹெல்சிங்கி பிரகடனத்தில் அப்படியொரு விலக்கே இல்லை.

என் கருத்தில் அந்த விலக்கின் நியாயம் பலவீனமானது. ‘நானே குடித்தேன்’ என்பது மருத்துவரின் நேர்மையைக் காட்டலாம். அருகில் படுத்திருக்கும் நோயாளிக்கு அந்த ஆபத்தை அது ஒரு துளியும் குறைத்துவிடாது.

மாப்பிள்ளை சம்பா சாப்பிட்டால் சர்க்கரை ஏறாது என்கிறார்கள். வீட்டிலேயே குளுக்கோமீட்டர் வைத்துச் சோதித்துப் பார்க்கலாமா?

தாராளமாகச் செய்யலாம். திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஆதிரெங்கத்து நெல் திருவிழாவில் விதை வாங்கி வந்து நட்டவர்கள் பலர் இதைக் கேட்டிருக்கிறார்கள். பொருள் உணவு, உடம்பு உங்களுடையது, மாத்திரையில் கைவைக்கவில்லை; சட்டத்துக்கோ அறத்துக்கோ இதில் சிக்கல் இல்லை. சிக்கல் அளப்பதில்தான் இருக்கிறது. குளுக்கோமீட்டருக்கான சர்வதேசத் தரமே, 100-க்கு மேல் உள்ள அளவில் 15 விழுக்காடு வரை கூடுதல் குறைவைப் பொறுத்துக்கொள்கிறது. கருவி 160 காட்டினால் உண்மை 140-ஆகவும் இருக்கலாம், 180-ஆகவும் இருக்கலாம். நேற்றுப் பொன்னிச் சோற்றுக்கு 172, இன்று மாப்பிள்ளை சம்பாவுக்கு 158 என்றால், நீங்கள் கண்டது அரிசியின் வேறுபாடா, கருவியின் தள்ளாட்டமா என்று சொல்ல முடியாது.

ஆகவே ஒருநாள் செய்துவிட்டு முடிவு கட்டாதீர்கள். அரிசியைச் சமைக்கும் முன்பே எடை போடுங்கள். மாப்பிள்ளை சம்பா கூடுதல் தண்ணீர் பிடிக்கும், வெந்த சோற்றைக் கரண்டிக் கணக்கில் அளந்தால் ஏமாற்றிவிடும். இரண்டும் புழுங்கலாகவே இருக்கட்டும். ஒன்று தீட்டிய அரிசி, மற்றது தவிடு போகாத அரிசி என்றால் ஒப்பிடுவது ரகத்தையா, தீட்டலையா என்று தெரியாது. குழம்பும் அதே குழம்பு, நேரமும் அதே நேரம். முதல் கவளத்திலிருந்து இரண்டு மணி நேரம் கழித்து அளக்க வேண்டும். எந்த நாள் எந்த அரிசி என்பதைக் காசு சுண்டி முடிவு செய்தால், ‘இன்றைக்கு நிறைய நடந்தோம், சம்பா வைக்கலாம்’ என்று நம்மை அறியாமல் செய்யும் சாதகம் குறையும். வெல்லம் தொட்ட விரலைக் கழுவாமல் குத்தினால் அளவு தாறுமாறாக ஏறும். ஐப்பசி அடைமழையில் ஸ்ட்ரிப் டப்பாவின் மூடியைத் திறந்து வைத்தால் ஈரம் ஏறி எல்லா ஸ்ட்ரிப்பும் பாழாகும். நான் பார்த்த ‘அதிசய முடிவு’களில் சில இந்த டப்பாவிலிருந்து வந்தவைதான்.

எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதுங்கள், பிடிக்காத எண்ணையும் சேர்த்து. சரபோஜி மன்னர் காலத்துக் கண் நோயாளிகளின் விவரங்கள் கண்ணின் படத்தோடு எழுதப்பட்ட தாள்கள் இன்றும் தஞ்சை சரசுவதி மகாலில் உள்ளன. சிகிச்சை செய்பவர் எழுதி வைக்க வேண்டும் என்ற எண்ணம் இந்த மண்ணுக்குப் புதிதன்று. சோற்றின் அளவைக் குறைக்கும் நாள்களில், கிளிமெபிரைடு போன்ற மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கோ இன்சுலின் போடுகிறவர்களுக்கோ சர்க்கரை திடீரென்று தாழலாம். 70-க்குக் கீழே போனால் சோதனை அத்தோடு முடிந்தது. உடனே சர்க்கரைத் தண்ணீர் குடித்துவிட்டு, பிறகு மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

அப்படியே மாத்திரையையும் நிறுத்திவிட்டுப் பார்த்தால்தானே உண்மை தெரியும்?

இங்கே என் பதில் மாறுகிறது. ஒன்றைச் சேர்த்துப் பார்ப்பது வேறு, உயிர் காக்கும் ஒன்றை எடுத்துப் பார்ப்பது வேறு. முதல் வகை (டைப் 1) சர்க்கரை நோயாளி இன்சுலினை நிறுத்தினால் சில நாள்களுக்குள், சில நேரம் அதற்கும் முன்பே, ரத்தம் அமிலமாகி உயிருக்கு ஆபத்து வரும். நீண்ட நாள் ஸ்டீராய்டு சாப்பிட்டவர் சட்டென்று நிறுத்தினாலும், வலிப்பு மாத்திரையைச் சட்டென்று நிறுத்தினாலும் இதே நிலைதான். குறைத்துப் பார்க்க விரும்பினால் மருத்துவரிடம் வெளிப்படையாகக் கேளுங்கள். படிப்படியாகக் குறைத்துப் பார்க்க ஒத்துக்கொள்ளும் மருத்துவர்கள் இருக்கிறார்கள்.

மருந்து எனக்குக் கேட்டது. வீட்டுக்காரியும் சரி என்கிறாள். அவளுக்கும் கொடுக்கலாமா?

அந்த நொடியிலிருந்து அது தன் மேல் செய்யும் சோதனை அன்று. பதினெட்டு வயது கடந்தவர் சம்மதித்து ஏற்ற தீங்குக்குச் சன்ஹிதாவின் 25-ஆம் பிரிவு ஓரளவு பாதுகாப்புத் தருகிறது. ஆனால் அந்தச் செயலால் மரணமோ கொடுங்காயமோ நேரக்கூடும் என்று செய்பவருக்குத் தெரிந்திருந்தால் அந்தப் பாதுகாப்பு இல்லை. பயத்தாலோ தவறான நம்பிக்கையாலோ கொடுத்த சம்மதம் சம்மதமே அன்று. கவனக்குறைவால் மரணம் நேர்ந்தால் 106-ஆம் பிரிவில் ஐந்து ஆண்டுகள் வரை சிறை.

சட்டத்தை விடுங்கள். ‘அவரே குடிக்கிறார், நான் எப்படி மாட்டேன் என்பது’ என்று தலையாட்டும் மனைவியின் சம்மதத்தை நீங்களே எவ்வளவு நம்புவீர்கள்? 2008-இல் சமீரா கோஹ்லி வழக்கில் உச்ச நீதிமன்றம், ஆபத்தையும் மாற்று வழிகளையும் விளக்கிப் பெறும் சம்மதமே செல்லும் என்றது. அது மருத்துவருக்குச் சொன்னது என்றாலும், வீட்டுக்கும் அதைவிட நல்ல அளவுகோல் கிடையாது. குழந்தைகளுக்குக் கொடுப்பது பற்றிப் பேச்சே வேண்டாம்.

எங்கள் தெருவில் பத்துப் பேர், அவரவர் மேல் அவரவரே சோதித்துக் கணக்கெடுத்தால் யாரும் யாருக்கும் கொடுத்ததாகாதே?

கெட்டிக்காரக் கேள்வி. அந்தப் பத்துப் பேரையும் சேர்த்து, என்ன சாப்பிட வேண்டும் என்று வகுத்து, கணக்கை வாங்கி வைப்பவர் ஒருவர் இருந்தால், அவர்தான் ஆய்வாளர். மற்ற ஒன்பது பேரும் பங்கேற்பாளர்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017-ஆம் ஆண்டு நெறிமுறைகளின்படி அத்தகைய ஆய்வுக்கு நெறிமுறைக் குழுவின் முன் அனுமதி வேண்டும். பொருள் இன்னும் அங்கீகாரம் பெறாத புது மருந்து என்றால், 2019-ஆம் ஆண்டின் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவச் சோதனை விதிகளின்படி மத்திய அனுமதியும் வேண்டும். அரிசிச் சோற்றை ஒப்பிட்டுத் திண்ணையில் பேசிக்கொள்வதற்கு இவ்வளவு ஏற்பாடு தேவையில்லை என்பது என் கருத்து.

பத்துப் பேரில் மிராசுதாரரும் அவரிடம் நடவுக்கு வரும் ஆள்களும் கலந்திருந்தால் மட்டும் கவனமாக இருங்கள். வேலை கொடுப்பவர் முன்னால் ‘மாட்டேன்’ என்ற சொல் எளிதில் வாயில் வராது.

நான் பதிவு பெற்ற சித்த மருத்துவர். நானே முடித்த மருந்தை நானே சாப்பிட்டுப் பார்க்கலாம் அல்லவா?

நீங்கள் சாப்பிடுவதைத் தடுக்கும் விதி இல்லை. இரண்டாவது கேள்வியின் பதில் உங்களுக்கும் பொருந்தும். ஆனால் எட்டி, சேராங்கொட்டை, பாதரசம், பாஷாண வகைகள் போன்றவை மருந்து விதிகளின் இ1 அட்டவணையில் நச்சுப் பொருள்களாகவே உள்ளன. சுத்தி, அதாவது நச்சை நீக்கும் பக்குவம், சரியாகச் செய்ததாக உங்களுக்குத் தோன்றுவது வேறு, ஆய்வகம் சொல்வது வேறு. பாதரசம் சிறுநீரகத்தைக் கெடுப்பது உடனே தெரியாது. ‘ஒரு மண்டலம் சாப்பிட்டேன், ஒன்றும் ஆகவில்லை’ என்பது பாதுகாப்புக்குச் சான்றாகாது. முன்னும் பின்னும், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் அளவை ரத்தத்தில் பார்த்தீர்களா என்பதே என் முதல் கேள்வியாக இருக்கும்.

பதிவே இல்லாமல் ஆங்கில மருத்துவம் செய்கிறவர்களுக்கு 2019-ஆம் ஆண்டின் தேசிய மருத்துவ ஆணையச் சட்டம் ஓராண்டு வரை சிறையோ, ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கிறது. ‘என் மேல் சோதித்துவிட்டேன்’ என்பது அங்கே எதிர்வாதம் ஆகாது.

மெடிக்கல் காலேஜில் படிக்கிறேன். ஆய்வுக்கு நாங்களே ரத்தம் கொடுத்து, நாங்களே மாத்திரை சாப்பிட்டால் நெறிமுறைக் குழு எதற்கு?

ஆய்வு என்று பெயர் வைத்துவிட்டால் குழு வேண்டும். சோதிப்பவரே சோதனைக்கு உள்ளாகிறார் என்பதால் 2019 விதிகளில் விலக்கு எதுவும் தரப்படவில்லை. மிராசுதாரர் பற்றி மேலே சொன்னது உங்களுக்கும் பொருந்தும்: இன்டர்னல் மதிப்பெண் போடும் பேராசிரியர் ‘யாராவது வாருங்கள்’ என்றால் அது எவ்வளவு தூரம் வேண்டுகோள்? மாணவர்களைப் பாதிக்கப்படக்கூடிய பிரிவினராக நெறிமுறைகள் கருதுவதன் காரணம் இதுதான்.

எனக்குச் சர்க்கரை சரியாகிவிட்டது. யூடியூபில் சொன்னால் நாலு பேருக்கு நல்லதுதானே?

நடந்ததைச் சொல்வது ஒன்று; ‘இந்த மருந்து சர்க்கரையைக் குணமாக்கும்’ என்று பரப்புவது வேறொன்று. 1954-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாயத் தீர்வுகள் சட்டத்தின் நோய்ப் பட்டியலில் நீரிழிவு இருக்கிறது. அதைக் குணமாக்கும் என்று மருந்துக்கு விளம்பரம் செய்யக் கூடாது. விளம்பரம் என்றால் நோட்டீஸ் மட்டுமில்லை. வாயால் அறிவிப்பதையும், ஒளி, ஒலி, புகையால் அறிவிப்பதையும் அந்தச் சட்டம் சேர்த்துக்கொள்கிறது. யூடியூபைக் கனவிலும் காணாத காலத்தில் எழுதியது, இன்றைக்கும் கச்சிதமாகப் பொருந்துகிறது. முதல் முறை குற்றம் உறுதியானால் ஆறு மாதம் வரை சிறை.

விற்பனை எதுவும் இல்லாமல் சொல்வதானால் என்ன செய்தீர்கள், எத்தனை நாள், வேறென்ன மாத்திரை கூடவே சாப்பிட்டீர்கள், எடை குறைந்ததா என்பதையெல்லாம் சேர்த்துச் சொல்லுங்கள். 2020 மே மாதம் சென்னையில், கொரோனாவுக்கு மருந்து என்று தானே தயாரித்த ஒரு வேதிக் கரைசலைக் குடித்து மருந்து நிறுவன ஊழியர் ஒருவர் இறந்தார்; உடனிருந்து சிறிதளவு குடித்த அவருடைய முதலாளி பிழைத்துக்கொண்டார். துறை அறிந்தவருக்கே இந்தக் கதி என்றால், பாதி விவரம் மட்டும் உள்ள வீடியோவைப் பார்த்து அடுப்பில் காய்ச்சுகிறவரின் நிலையை யோசியுங்கள்.

ஏதாவது ஆகிவிட்டால் இன்சூரன்ஸ் வருமா?

பெரும்பாலும் வராது. நிரூபிக்கப்படாத சிகிச்சைக்கான செலவு, காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் வகுத்த பொது விலக்குகளிலேயே இருக்கிறது. அனுமதி பெற்ற மருத்துவச் சோதனையில் சேர்ந்து பாதிக்கப்பட்டால் நிலைமை வேறு. இலவச சிகிச்சையும் இழப்பீடும் கொடுக்க வேண்டும் என்று 2019 விதிகள் சொல்கின்றன. சொந்தச் சோதனையில் பொறுப்பேற்று நடத்தும் ஸ்பான்சரும் நீங்கள், பாதிக்கப்பட்டவரும் நீங்கள்.

டாக்டர்கள் கைவிட்ட புற்றுநோய். இழக்க ஒன்றுமில்லாதவர் தன் மேல் சோதித்துப் பார்ப்பதையும் தப்பு என்பீர்களா?

தப்பு என்று சொல்ல எனக்கு வாய் வராது. குரோஷியாவின் வைரஸ் ஆய்வாளர் பீட்டா ஹலாசி, மார்பகப் புற்றுநோய் திரும்ப வந்தபோது, ஆய்வகத்தில் வளர்த்த தட்டம்மை வைரஸையும் இன்னொரு வைரஸையும் தன் கட்டியில் செலுத்திக்கொண்டார். கட்டி சுருங்கியது, அறுவை செய்து அகற்றினார்கள். அவருடைய புற்றுநோய் மருத்துவர்களுக்கு எல்லாம் தெரியும். கெட்டுப்போனால் வழக்கமான சிகிச்சைக்கு மாறுவதென்றும் ஏற்பாடு இருந்தது. அப்படியிருந்தும் பல ஆய்விதழ்கள் அவர் கட்டுரையை மறுத்தன. இதைப் படித்து மற்றவர்களும் நிரூபணமான சிகிச்சையை விட்டுவிடுவார்கள் என்ற அச்சம் அதற்கு ஒரு காரணம். 2024-இல் ஒன்று வெளியிட்டது. வெளியிட்டது சரியென்றே நினைக்கிறேன். மறைத்த சோதனையைவிட எழுதிய சோதனை மேல். ஆனால் அவர் வாழ்நாளெல்லாம் வைரஸோடு வேலை செய்தவர் என்பதை மறக்கக் கூடாது. அவரிடம் இருந்த ஆய்வகமும் அறிவும் கும்பகோணத்தில் ஒரு வீட்டுச் சமையலறையில் கிடைக்காது.

‘இழக்க ஒன்றுமில்லை’ என்பதும் பெரும்பாலும் உண்மையில்லை. வலியில்லாத சில மாதங்கள், அடகு வைக்காத நிலம், பிள்ளைகளோடு பேசும் அளவுக்குத் தெளிந்த நினைவு ஆகியவை இழப்பதற்கு இருக்கின்றன. வேறு நாட்டில் கிடைக்கும் மருந்துதான் வேண்டும் என்றால் திருட்டுத்தனமான வழி தேவையில்லை. மருத்துவர் எழுதித் தந்த சீட்டோடு 12ஏ படிவத்தில் மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்புக்கு விண்ணப்பித்தால், சொந்தப் பயன்பாட்டுக்குச் சிறிதளவு இறக்குமதி செய்ய 12பி அனுமதி தருகிறார்கள்; ஒரு மருந்துக்கு நூறு சராசரி வேளை அளவு என்பது வரம்பு. இங்கே அங்கீகாரம் பெறாத புது மருந்தென்றால், உயிருக்கு ஆபத்தான நோயாளிக்காக மருத்துவமனையே விண்ணப்பிக்கவும் 2019 விதிகளில் இடமிருக்கிறது. சிகிச்சை பார்க்கும் புற்றுநோய் மருத்துவரிடம் இந்த இரண்டு வழிகளையும் பெயர் சொல்லிக் கேளுங்கள். அதோடு நோயாளிக்குப் பொருந்தும் சோதனை எங்காவது நடக்கிறதா என்பதை, 2009 முதல் எல்லாச் சோதனைகளையும் பதிவு செய்ய வேண்டிய இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேட்டில் தேடித் தரச் சொல்லுங்கள்.